நோயாளியின் உடல்தூய்மை: செவிலியரிடம் கேளுங்கள்

படுத்த படுக்கையில் இருப்பவரைக் குளிப்பாட்டுவது, பல் துலக்கி விடுவது, மலசலம் கழித்தபின் கழுவி விடுவது ஆகியவை குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, செவிலியர் பயிற்சிப் பள்ளியில் நெடுங்காலம் கற்பித்து ஓய்வுபெற்ற மூத்த செவிலியர் ஒருவர் இந்த இதழில் பதிலளிக்கிறார்.

கேள்வி: என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்துவிட்டது. மருத்துவமனையில் இருந்தபோது செவிலியர் ஒருவர் படுக்கை நனையாமலும் அப்பாவுக்கு நடுக்கம் எடுக்காமலும் உடம்பு முழுவதையும் துடைத்துவிட்டார். வீட்டுக்கு அழைத்து வந்தபின் நானும் அம்மாவும் அதே வேலையைச் செய்யும்போது பெரும்பாடாக இருக்கிறது. அப்பா வலிக்கிறது என்கிறார், மெத்தை நனைந்துவிடுகிறது. செவிலியர்கள் இதை எந்த முறையில் செய்கிறார்கள்?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: நீங்கள் பார்த்த வேலையில் பாதி, துணியைத் தண்ணீரில் நனைப்பதற்கு முன்பே முடிந்திருக்கும். உணவு கொடுத்த கையோடு செவிலியர் உடம்பு துடைக்க வரமாட்டார். வலி மாத்திரை எழுதப்பட்டிருந்தால் அதைக் கொடுத்துவிட்டு, அது வேலை செய்யத் தொடங்கும்வரை காத்திருப்பார். மின்விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, சிறுநீர் கழிக்க வேண்டுமா என்று முதலில் கேட்பார். சோப்பு நீருக்கு ஒன்றும் வெறும் நீருக்கு ஒன்றுமாக இரண்டு பேசின்கள், நான்கைந்து சிறு துண்டுகள், உலர்ந்த பெரிய துண்டுகள், மாற்று உடை, மாற்று விரிப்பு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பாதி வேலையில் எதையாவது எடுத்துவர ஓடும்போதுதான் நோயாளிக்குக் குளிர் எடுக்கிறது. கட்டிலிலிருந்து விழுவதும் அப்போதுதான் நேர்கிறது. தண்ணீர் 40 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் இருந்தால் போதும். வெப்பமானி இல்லாவிட்டால் உங்கள் முழங்கையை நனைத்துப் பாருங்கள். செயலிழந்த பக்கத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும் என்பதால், சுட்டாலும் அப்பாவால் சொல்ல முடியாமல் போகலாம்.

மெத்தை நனையாமல் இருக்க, விரிப்பின்மீது ரப்பர் ஷீட்டையும் அதன்மேல் ஒரு பருத்தித் துணியையும் போட்டுவிட்டு, துடைக்கப்போகும் கைக்கோ காலுக்கோ அடியில் உலர்ந்த துண்டு ஒன்றையும் விரித்துக்கொள்ள வேண்டும். சிறு துண்டைச் சொட்டாதபடி பிழிந்து, நுனிகள் தொங்காமல் உள்ளங்கையைச் சுற்றி மடித்துக்கொள்ளுங்கள். தொங்கும் நுனிதான் ஆறிப்போன நீரை நோயாளியின் மார்பில் சொட்டவிடுகிறது. உடம்பு முழுவதும் ஒரு போர்வை இருக்கட்டும். துடைக்கும் உறுப்பு மட்டும் வெளியே வந்து, உலர்த்தப்பட்டதும் மீண்டும் போர்வைக்குள் போய்விட வேண்டும். இது குளிரைத் தடுப்பதற்கு மட்டுமன்றி, அவருடைய மானத்தைக் காப்பதற்கும் ஆனது.

துடைக்கும் வரிசை, தூய்மையான இடத்தில் தொடங்கி அழுக்குச் சேரும் இடத்தில் முடியும். முதலில் கண்களை, சோப்பில்லாத நீரால், மூக்கை ஒட்டிய மூலையிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்கிறோம். ஒரு கண்ணைத் துடைத்த துணிப்பகுதியால் மறு கண்ணைத் துடைப்பதில்லை. பிறகு முகம், காதுகளின் பின்புறம், கழுத்து, கைகள். கைகளை விரல் நுனியிலிருந்து தோளை நோக்கி நீளமாகத் துடைத்தால், இரத்தம் இதயத்துக்குத் திரும்ப அது உதவியாக இருக்கும். உள்ளங்கைகளைப் பேசினுக்குள்ளேயே அமிழ்த்திக் கழுவிப் பாருங்கள். பல நாள் குளிக்காதவருக்குத் தன் கை தண்ணீருக்குள் இருப்பதே குளித்த நிறைவைத் தருகிறது. அடுத்து மார்பு, வயிறு, தொப்புள், பெண்களானால் மார்பகங்களுக்கு அடியிலுள்ள மடிப்பு, பிறகு கால்கள், விரலிடுக்குகள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாகவோ வலியுடனோ இருந்தால் அதைப் பிடித்துவிடக் கூடாது. உள்ளே இரத்தம் உறைந்திருக்க வாய்ப்புண்டு. மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும். அதன்பின் ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகைத் துடைத்து, தண்ணீரையும் துணியையும் மாற்றிக்கொண்டு, கடைசியாகப் பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுத்தம் செய்கிறோம்.

உங்கள் அப்பாவுக்கு வலிப்பது, பெரும்பாலும், செயலிழந்த கையைப் பிடித்து இழுப்பதனால்தான் இருக்கும். தசை தளர்ந்த தோளில் மூட்டு எளிதில் நழுவும். ஆகவே அந்தக் கையைத் தூக்கும்போது முழங்கைக்கு அடியில் ஒரு கையும் மணிக்கட்டுக்கு அடியில் ஒரு கையும் கொடுத்துத் தாங்குங்கள். அக்குளில் கைவிட்டு இழுத்து உட்காரவைக்கவே வேண்டாம். சட்டையைக் கழற்றும்போது நல்ல கை முதலில், போடும்போது செயலிழந்த கை முதலில் என்பது செவிலியர் மாணவர்கள் தொடக்கத்திலேயே மனப்பாடம் செய்துகொள்ளும் விதி. முன்பக்கம் முழுவதும் திறக்கும் அரைக்கைச் சட்டையாக இருந்தால் இருவருக்குமே சிரமம் குறையும். மூடிக்கிடக்கும் விரல்களை வலிந்து பிரிக்காமல், மணிக்கட்டை மெல்ல உள்நோக்கி மடக்கினால் விரல்கள் தாமே சற்றுத் தளரும். அப்போது உள்ளங்கையைத் துடைத்து உலர்த்திவிட வேண்டும், இல்லாவிட்டால் அங்கே வியர்வை தேங்கித் தோல் வெந்துபோகும். முகத்தைத் துடைக்கும் துணியை அவருடைய இடக்கையில் கொடுத்துவிடுங்கள். அவரால் செய்ய முடிந்ததை அவரே செய்யட்டும், எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை.

இதையும் அறிந்துகொள்ளுங்கள்: உடம்பு துடைக்கும் அந்தச் சிறிது நேரத்தில் செவிலியர் நோயாளியைத் தலைமுதல் கால்வரை பரிசோதித்துவிடுகிறார். நேற்று இல்லாத வீக்கம், குதிகாலில் தோன்றியுள்ள சிவப்பு, கால்விரல் இடுக்கில் வெடிப்பு, புரட்டும்போது வாங்கும் மூச்சு, பேச்சில் புதிதாகத் தென்படும் குழறல் ஆகியவை நோயாளி போர்வைக்குள் படுத்திருக்கும்போது யார் கண்ணுக்கும் படுவதில்லை. நீங்களும் அந்தக் கண்ணோடு துடைக்கப் பழகுங்கள். தமிழக அரசு 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களின் வீட்டுக்கே நோய்த்தணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வருகிறார்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்து, அவர்கள் வரும்போது அருகில் நின்று ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள். எழுத்தில் படிப்பதைவிட அது நன்றாக விளங்கும்.

கேள்வி: தீவிர சிகிச்சைப் பிரிவில் என் அண்ணன் நினைவில்லாமல், வென்டிலேட்டர் உதவியோடு இருக்கிறார். வாய்வழியாக எதுவும் சாப்பிடுவதில்லை. ஆனாலும் செவிலியர்கள் அவருக்குப் பல் துலக்கி விடுகிறார்கள். சாப்பிடாதவருக்குப் பல் துலக்குவது எதற்கு? அது ஆபத்தில்லையா?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: சாப்பிடாதவரின் வாய்தான் விரைவாகக் கெடுகிறது. நாம் மெல்லும்போதும் பேசும்போதும் உமிழ்நீர் சுரந்து வாயைக் கழுவிக்கொண்டே இருக்கிறது. நினைவற்றவருக்கு அந்த ஓட்டம் நின்றுவிடுகிறது. வாய் திறந்தே கிடப்பதால் நாக்கு வறண்டு வெடிக்கிறது. ஓரிரு நாள்களுக்குள் வாயில் குடியிருக்கும் கிருமிகளின் இனமே மாறி, மருத்துவமனைக்கு உரிய கொடிய கிருமிகள் பற்களின்மீது படலமாகப் படிகின்றன. வென்டிலேட்டர் குழாயின் ஓரமாக அந்த எச்சில் சிறிது சிறிதாக நுரையீரலுக்குள் கசிந்தால் நிமோனியா வருகிறது. பிழைத்துவர வேண்டிய எத்தனையோ நோயாளிகளை இந்த நிமோனியாவுக்கு நாங்கள் பறிகொடுத்திருக்கிறோம். ஆகையால் உங்கள் அண்ணனுக்குத் தரப்படும் சிகிச்சைகளில் பல் துலக்குவதும் ஒன்று என்றே கொள்ளுங்கள்.

ஆபத்து உண்டு, அதைத் தவிர்க்கும் முறையும் உண்டு. தண்ணீர் தொண்டைக்குள் இறங்காமல் இருக்கத் தலைமாட்டை உயர்த்தியோ நோயாளியை ஒருக்களித்தோ வைத்து, கன்னத்துக்கு அடியில் துண்டு விரித்து, உறிஞ்சும் கருவியைத் தயாராக வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறோம். சிறிய, மென்மையான பிரஷ் போதும். நினைவற்றவர் அனிச்சையாகக் கடித்துவிடக்கூடும் என்பதால் பற்களுக்கு இடையே விரலை விடுவதில்லை. குளோர்ஹெக்சிடின் என்ற மருந்துநீரால் வாயைத் துடைப்பது நெடுங்காலமாக வழக்கத்தில் இருந்தது. 2022இல் அமெரிக்கத் தொற்றுத்தடுப்பு வல்லுநர் அமைப்புகள் வெளியிட்ட வழிகாட்டுதல், வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்கு அந்த மருந்தைவிடப் பிரஷ்ஷால் துலக்குவதையே வலியுறுத்துகிறது. எலுமிச்சைச் சாறு கலந்த கிளிசரினைத் தடவும் பழைய வழக்கமும் கைவிடப்பட்டுவிட்டது, ஏனெனில் அது வாயை மேலும் வறளச்செய்வதோடு பல்லின் மேற்பூச்சையும் அரிக்கிறது.

அண்ணன் பொய்ப்பல் அணிபவராக இருந்தால் அதைச் செவிலியரிடம் தெரிவித்து, வீட்டுக்கு எடுத்துச்சென்று, கொதிநீர் படாமல் கழுவி, தண்ணீரில் போட்டு வையுங்கள். உலர விட்டால் வடிவம் மாறி, பின்னர் ஈறில் பொருந்தாமல் போய்விடும்.

கேள்வி: பேரனுக்கு அம்மை போட்டிருக்கிறது. மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை உடம்பில் நீர் படக் கூடாது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். மருத்துவமனையில் மட்டும் துடைத்துவிடுகிறார்களே?
— வாசகி, விருதுநகர்

பதில்: சின்னம்மைக் கொப்புளங்களில் நீர் படுவதால் தீங்கில்லை. வெதுவெதுப்பான நீரால் தினமும் துடைத்தாலோ குளிப்பாட்டினாலோ அரிப்புத் தணியும். சொறிந்த இடங்களில் சீழ் வைப்பதும் குறையும். தேய்க்காமல், மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள். வேப்பிலை கட்டுவதும் நாள் பார்த்துத் தண்ணீர் ஊற்றுவதும் உங்கள் குடும்பத்துக்கு ஆறுதல் தருமானால் அவற்றையும் செய்துகொள்ளலாம். அந்த நாள் வரும்வரை குழந்தையை வியர்வையோடு வைத்திருக்க மட்டும் வேண்டாம்.

கேள்வி: என் அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அறுவை சிகிச்சைக்குப் பிறகு பெண் செவிலியர் பெட்பேன் வைக்க வந்தபோது மறுத்துவிட்டு, ஒரு பகல் முழுவதும் மலத்தை அடக்கிக்கொண்டு கிடந்தார். அதே வார்டில் ஆண் செவிலியர் ஒருவர் பணியில் இருந்தார். அவரைக் கேட்டுப் பெற நமக்கு உரிமை உண்டா?
— வாசகர், ஈரோடு

பதில்: கேட்கும் உரிமை கட்டாயம் உண்டு. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனம், நோயாளியின் மாண்பையும் அந்தரங்கத்தையும் காப்பதை அவருடைய உரிமையாகக் கூறுகிறது. பெண் நோயாளியை ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. பணியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து, கேட்டது உடனே கிடைக்காமல் போகலாம். ஆனால் கேட்பதைக் குற்றமாக எந்தச் செவிலியரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் வார்டுகளில் ஆண் செவிலியரை ‘பிரதர்’ என்றுதான் அழைப்பார்கள். ‘பிரதரை வரச்சொல்லுங்கள்’ என்ற ஒரு சொல் போதும்.

கூச்சம் என்பது நோயைப் போலவே செவிலியர் கவனிக்க வேண்டிய ஒன்று என்று நான் நினைக்கிறேன். வாழ்நாள் முழுவதும் பிறர் மரியாதையைப் பெற்றுவந்த ஒருவர், தன் உடம்பைத் தானே கழுவிக்கொள்ள முடியாத நிலைக்கு வரும்போது எதை இழந்ததாக உணர்கிறார் என்பதை அறியாமல் பெட்பேனை நீட்டினால் அவர் மறுக்கத்தான் செய்வார். நல்ல செவிலியர் முதலில் திரையை இழுப்பார். “ஐயா, இடுப்பை மட்டும் கொஞ்சம் தூக்கிக் கொடுங்கள், போர்வையை விலக்கமாட்டேன்” என்று என்ன செய்யப்போகிறார் என்பதைச் சொல்வார். அழைப்பு மணியைக் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுவார். நம் ஊர்க்காரர்களுக்குக் காகிதத்தால் துடைத்தால் மனம் ஒப்பாது என்பதால் குவளையில் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டுவந்திருப்பார். முடிந்ததும் கை கழுவ நோயாளிக்குச் சோப்பும் நீரும் தருவார். ‘தாத்தா’ என்றோ ‘பெருசு’ என்றோ விளிக்காமல், ‘சார்’ என்றோ ‘ஐயா’ என்றோ உங்கள் அப்பாவை அழைத்திருந்தால்கூட, அவர் அவ்வளவு நேரம் அடக்கிக்கொண்டு கிடந்திருக்கமாட்டார்.

மருத்துவர் அனுமதித்தால், கட்டிலருகே கமோடு நாற்காலி போடச்சொல்லிக் கேளுங்கள். உட்கார்ந்தபடி மலம் கழிப்பது உடம்புக்கும் இயல்பானது. படுத்தபடி கழிப்பதில் உள்ள கூச்சமும் அதில் குறையும்.

கேள்வி: இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் என் மாமியாருக்குப் பின்புறத்தில் தோல் கன்றிப்போயிருக்கிறது. ஸ்பிரிட் தடவி, பவுடர் போட்டு, நன்றாகத் தேய்த்துவிடச் சொல்கிறார்கள் உறவினர்கள். காற்று ஊதிய வளையத்தின்மேல் உட்காரவைக்கவும் சொல்கிறார்கள். எதைச் செய்வது?
— வாசகி, மதுரை

பதில்: இவற்றில் எதையும் செய்ய வேண்டாம். ஸ்பிரிட்டும் பவுடரும் போட்டு முதுகைத் தேய்த்துவிடுவது ஒருகாலத்தில் எங்கள் வார்டுகளிலேயே அன்றாடப் பணியாக இருந்தது. உங்கள் உறவினர்கள் அதைப் பார்த்திருப்பார்கள். ஸ்பிரிட் தோலின் எண்ணெய்ப்பசையை உறிஞ்சி வறளச்செய்கிறது. பவுடர் வியர்வையோடு சேர்ந்து கட்டிகட்டியாகி, மடிப்புகளில் உராய்கிறது. கன்றிய இடத்துக்கு அடியில், எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே நசுங்கி, ஏற்கெனவே இரத்தம் குறைந்த சதை இருக்கிறது. அதைத் தேய்த்தால் உள்ளே கிழிந்துபோகும். வளையமோ தான் தாங்கும் விளிம்பு முழுவதிலும் இரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது.

கன்றிய இடத்தை விரலால் சில நொடிகள் அழுத்திவிட்டு எடுங்கள். வெளுத்து, பிறகு பழைய நிறத்துக்குத் திரும்பினால், அழுத்தத்தை நீக்கினாலே சரியாகிவிடும். வெளுக்காமல் அப்படியே இருந்தால் அது படுக்கைப்புண்ணின் முதற்படி. நம்மைப் போன்ற கருநிறத் தோலில் சிவப்பும் வெளுப்பும் எளிதில் தெரியா என்பதைப் பலர் சொல்வதில்லை. ஆகவே புறங்கையை வைத்து அந்த இடம் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருக்கிறதா, விறைப்பாகவோ கொழகொழப்பாகவோ இருக்கிறதா, நிறம் ஊதாவை நோக்கிப் போகிறதா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

அறுவை மருத்துவர் எந்தப் பக்கம் திருப்பலாம் என்று சொல்லியிருக்கிறாரோ அதற்கு உட்பட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிலையை மாற்றுங்கள். முழுவதுமாக ஒருக்களிக்காமல், முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி அளவுக்குச் சாய்த்தால் இடுப்பின் பக்கவாட்டு எலும்பு அழுந்தாது. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் மிதக்கும்படி செய்யுங்கள். இழுத்து நகர்த்தாமல், விரிப்போடு சேர்த்து இருவர் தூக்கி நகர்த்துங்கள்.

தோலின் இயல்பான அமில-கார அளவு (pH) 5ஐ ஒட்டியது; 7க்குக் கீழே அமிலம், மேலே காரம். சாதாரணக் கட்டிச் சோப்பின் அளவோ 9, 10 என்று காரப்பக்கத்தில் இருக்கும். எனவே மலம் கழிக்கும் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுத் தேய்ப்பதைவிட, நீராலோ மென்மையான சோப்பில்லாக் கழுவுதிரவத்தாலோ கழுவி, ஒற்றி உலர்த்தி, துத்தநாக ஆக்சைடு களிம்பை மெல்லியதாகப் பூசுவது நல்லது. வறண்ட கால்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் மட்டும் வேண்டாம். தோல் உரிந்தாலோ, கறுத்தாலோ, துர்நாற்றம் வந்தாலோ காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: அம்மாவுக்குச் சிறுநீர்க்குழாய் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். குழாயைச் சுற்றிக் கிருமிநாசினி ஊற்றிக் கழுவலாமா? கையுறை போட்டுக்கொண்டால் போதுமா?
— வாசகி, காரைக்கால்

பதில்: கிருமிநாசினி தேவையில்லை; அது அந்த மெல்லிய தோலை எரித்துப் புண்ணாக்கும். நாளுக்கு ஒருமுறையும் மலம் கழித்த ஒவ்வொரு முறையும் மென்மையான சோப்பாலும் நீராலும் முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள். பின்னிருந்து முன்னாகத் துடைத்தால் மலக்கிருமியைச் சிறுநீர்த் துவாரத்துக்கு நாமே கொண்டு சேர்க்கிறோம். குழாயை, அது உடம்பிலிருந்து வெளிவரும் இடத்தில் ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து வெளிநோக்கி மட்டும் துடைக்க வேண்டும். சிறுநீர்ப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கட்டும், தரையில் படவேண்டாம். நடக்க வைக்கும்போது பையைத் தோளுயரத்துக்குத் தூக்கிப் பிடிப்பவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன், பையிலுள்ள சிறுநீர் திரும்ப உள்ளே போய்விடும். ஆண் நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் சொல்கிறேன்: கழுவுவதற்காகப் பின்னுக்குத் தள்ளிய முன்தோலை மறவாமல் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும், விட்டுவிட்டால் அது இறுகி வீங்கி, அவசர சிகிச்சை தேவைப்படும் நிலை வரும்.

கையுறை போட்டாலும் கை கழுவியே ஆகவேண்டும், அணிவதற்கு முன்னும் கழற்றிய பின்னும். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, சோப்பும் நீருமானால் 40 முதல் 60 நொடி, ஆல்கஹால் திரவமானால் 20 முதல் 30 நொடி. வியன்னா மருத்துவமனையில் 1847இல் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், சக மருத்துவர்களைக் குளோரின் கலந்த நீரில் கைகழுவச் செய்ததுமே பிரசவக் காய்ச்சலால் இறக்கும் தாய்மாரின் தொகை சரிந்தது. அதை ஏற்க அன்றைய மருத்துவ உலகம் மறுத்தது. இன்று எல்லோரும் ஏற்கிறோம், ஆனாலும் அவசரத்தில் கழுவாமல் போகிறோம்.

கேள்வி: பயிற்சிப் பள்ளியில் படுக்கையில் குளிப்பாட்டுவதை மணிக்கணக்கில் கற்பிக்கிறார்கள். வார்டுக்குப் போனால் அதை நோயாளியின் உறவினர்தான் செய்கிறார். ஊசி, மருந்து, பதிவேடு ஆகியவைதாம் எங்கள் வேலையாக இருக்கின்றன. இது உண்மையில் செவிலியர் செய்யவேண்டிய வேலைதானா என்று என் தோழிகள் கேட்கிறார்கள்.
— செவிலியர் மாணவி, சேலம்

பதில்: செவிலியர் செய்யவேண்டிய வேலைதான். 1854இல், கிரிமியப் போரின்போது, துருக்கியிலிருந்த ஸ்குடாரி படைமருத்துவமனைக்குப் போன ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல், ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, கொதிகலன்கள் பொருத்தி, படைவீரர்களின் மனைவியரைக் கொண்டு நோயாளிகளின் துணிகளை வெளுக்க ஏற்பாடு செய்தார். அழுக்கோடு கிடப்பவனுக்கு மருந்து முழுப்பயன் தராது என்பதை அவர் அறிந்திருந்தார். பின்னாளில் அமெரிக்கச் செவிலியர் அறிஞர் வர்ஜீனியா ஹெண்டர்சன் மனிதரின் அடிப்படைத் தேவைகளாக 14ஐ வகுத்தபோது, உடலைத் தூய்மையாகவும் தோலைப் பழுதின்றியும் வைத்திருப்பதை அவற்றில் எட்டாவதாக வைத்தார். நீங்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் அந்தப் பட்டியல், செவிலியர் நோயாளிக்காக எதைச் செய்ய வேண்டும் என்பதற்கான வரையறை.

வார்டில் ஏன் அப்படி நடக்கவில்லை என்பதற்கு இரண்டு காரணங்களைச் சொல்வேன். முதலாவது ஆள் பற்றாக்குறை. கற்பிக்கும் மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்ற மருத்துவமனைகளில் ஐந்து நோயாளிக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறி. உங்கள் இரவுப்பணியில் எத்தனை பேருக்கு ஒருவராக நிற்கிறீர்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். இரண்டாவதைச் சொல்ல நாம் தயங்குகிறோம். பிறர் கழிவைத் தொடும் வேலைகளைச் சில சாதியினர்மீது சுமத்தி, அவர்களை இழிவுபடுத்திய சமூகம் இது. நவீன செவிலியம் இங்கே வந்தபோது மற்றவர்கள் தம் பெண்களை அனுப்பத் தயங்கினார்கள். கிறித்தவப் பெண்களே பெருமளவில் முன்வந்தார்கள். அந்த இழிவுணர்ச்சி இன்னும் முழுவதுமாகப் போகவில்லை. ஊசி போடுவது உயர்ந்தது, மலம் கழுவுவது தாழ்ந்தது என்ற பிரிவு உங்கள் தோழிகளின் மனத்தில் எங்கிருந்து வந்தது என்று அவர்கள் யோசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

உறவினர் உதவுவதில் தவறில்லை. மகள் கையால் துடைக்கப்படுவதை விரும்பும் தாய்மார் நம் வார்டுகளில் நிறைய உண்டு. வீட்டுக்குப் போனபின் அந்த மகள்தான் செய்யப்போகிறாள். ஆனால் கற்றுத்தராமல் பேசினை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போவது நோயாளியைக் கைவிடுவதாகும். முதல்நாள் நீங்கள் செய்யுங்கள், அவள் பார்க்கட்டும். மறுநாள் அவள் செய்யட்டும், நீங்கள் அருகில் நில்லுங்கள். முதுகைத் திருப்பும் நேரத்தில் மட்டுமாவது ஒவ்வொரு நாளும் நீங்களே போய்த் தோலைப் பாருங்கள். தீக்காயம் பட்டவர், கழுத்தெலும்பு முறிந்தவர், வென்டிலேட்டரில் இருப்பவர், அறுவை முடிந்த முதல்நாள் நோயாளி ஆகியோரை எக்காரணம் கொண்டும் உறவினரிடம் விடாதீர்கள்.

கேள்வி: என் பாட்டி ஐவேளைத் தொழுகையை விடாதவர். மருத்துவமனையில் கையில் ஊசிக்குழாயோடு இருக்கும்போது ஒளூ (தொழுகைக்கு முன் முகம், கைகால் கழுவுவது) செய்யச் செவிலியரிடம் உதவி கேட்கலாமா?
— வாசகர், கீழக்கரை

பதில்: தாராளமாகக் கேளுங்கள். பேசினும் குவளையும் கொண்டுவந்து, ஊசிக்குழாய் செருகிய இடத்தை நீர்புகாத உறையால் மூடி, முகத்தையும் கைகால்களையும் கழுவ உதவுவது எங்களுக்குக் கடினமானதன்று. காலையில் உடம்பு துடைக்கும் நேரத்தைத் தொழுகை நேரத்துக்குச் சற்று முன்னதாக மாற்றிக்கொள்ளவும் முடியும். தண்ணீர் படவே கூடாத நிலையானால் தயம்மும் (நீருக்குப் பதில் தூய மண்ணைத் தொட்டு முகத்தையும் கைகளையும் தடவிக்கொள்வது) செய்துகொள்ள மார்க்கத்தில் இடமிருப்பது பாட்டிக்கே தெரிந்திருக்கும். திருநீறு, தாலி, தாயத்து, தாடி எதுவானாலும் முறை ஒன்றுதான்: நோயாளியையோ குடும்பத்தாரையோ கேட்காமல் செவிலியர் அதை நீக்கக் கூடாது.

கேள்வி: மறதிநோய் உள்ள என் கணவர் குளிக்க அழைத்தாலே கத்துகிறார், அடிக்கவும் வருகிறார். செவிலியர்கள் இத்தகையவர்களை எப்படிச் சமாளிக்கிறார்கள்?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அம்மா, அவர் உங்களை அடிக்க வருவதில்லை, தன்னைக் காத்துக்கொள்கிறார். எதற்காக இங்கே நிற்கிறோம் என்பது மறந்துவிட்ட ஒருவரின் உடையை யாரோ களைகிறார்கள், தலையில் தண்ணீர் கொட்டுகிறது, குளிர்கிறது. அந்த அச்சத்தை நீக்கினால் எதிர்ப்பு பெருமளவு தணியும்.

‘குளிக்க வாருங்கள்’ என்று தொலைவிலிருந்து கூப்பிடாமல், அருகில் போய், அவர் கண்ணில் படும்படி நின்று, கையைப் பிடித்து, ஒருநேரத்தில் ஒரு செயலை மட்டும் சொல்லுங்கள்: எழுந்திருங்கள், இப்படி உட்காருங்கள், இந்தத் துண்டைப் பிடியுங்கள். வேலைக்குப் போன காலத்தில் அவர் அதிகாலையில் குளிப்பவரா, மாலையில் குளிப்பவரா என்று நினைவுகூர்ந்து அந்த நேரத்தையே வைத்துக்கொள்ளுங்கள். பூந்தூறல் குழாயை (ஷவரை) தவிர்த்து, வாளியும் குவளையும் கொண்டு, முதலில் பாதங்களில் ஊற்றி மெல்ல மேலே வாருங்கள். தோளிலும் மடியிலும் பெரிய துண்டைப் போர்த்தி, அதன்மேலேயே வெந்நீர் ஊற்றலாம், துண்டுக்கு அடியில் கைவிட்டுத் தேய்க்கலாம். தலைக்குக் குளிப்பதைத் தனி நாளுக்குத் தள்ளிவையுங்கள், பெரும்பாலான கூச்சல் அதில்தான் எழுகிறது. வழுக்காத விரிப்பும் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் குளியலறையில் இருக்க வேண்டும். பல்வலி, மூட்டுவலி, தோலில் புண் ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள், ஏனெனில் வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர் அடிப்பதன்மூலம்தான் அதைச் சொல்வார்.

இத்தனைக்கும் பிறகு மறுத்தால் விட்டுவிடுங்கள். அரைமணி நேரம் கழித்து மீண்டும் முயலலாம், அல்லது மகனோ பேரனோ அழைத்துப் பார்க்கலாம். அன்றைக்கு முகம், அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகியவற்றை மட்டும் வெதுவெதுப்பான துணியால் துடைத்து உடைமாற்றினாலே போதும். முழுக்குளியல் வாரத்துக்கு இரண்டு முறை நடந்தாலும் அவருடைய தோலுக்குக் கேடு வராது.